கும்பகோணத்துப் பாத்திரக் கடைத் தெரு

பாத்திரத்தின் பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொண்ட ஊர் ஒன்று நம் சோழ நாட்டில் இருக்கிறது. அதுதான் கும்பகோணம். பிரளய காலத்தில் பிரம்மதேவன் அமுதத்தை ஒரு கும்பத்தில் இட்டு வெள்ளத்தில் மிதக்க விட்டான். அது ஒதுங்கிய இடத்தில் சிவபெருமான் அம்பெய்து அதை உடைத்தார். வழிந்த அமுதம் தேங்கி நின்ற இடமே மகாமகக் குளம். ஸ்தல புராணம் இப்படிச் சொல்கிறது. அமுதமே ஆனாலும் அதை வைக்கிற பாத்திரம் நல்ல பாத்திரமாக இருக்க வேண்டும் அல்லவா? நாம் இன்று கும்பகோணம் போவது அந்த விஷயத்தை விசாரிக்கத்தான்.

எழும்பூரில் ராத்திரி ரயிலேறினால் பொழுது விடியும் சமயத்தில் கும்பகோணத்தில் இறங்கலாம். வடக்கே காவேரி, தெற்கே அரசலாறு. நடுவிலே கோயில்களும் குளங்களும் வெற்றிலை மணமுமாக ஊர். மகாமகக் குளத்தில் 2016-ம் வருஷம் கூடிய கூட்டம் மறுபடி 2028-ல்தான் கூடும். ஆகையால் இப்போது நிம்மதியாகக் காலை நனைத்துக்கொண்டு, கும்பேசுவரரைத் தரிசனம் செய்துவிட்டு, கடை வீதிக்கு வாருங்கள்.

கோயில் வாசலிலிருந்தே கடைகள் ஆரம்பமாகிவிடும். பெரிய தெருப் பக்கம் திரும்பினால் கண்ணைப் பறிக்கும். பித்தளைக் குடங்கள், வெண்கலப் பானைகள், செம்புத் தவலைகள், குத்துவிளக்குகள், டவரா டம்ளர்கள், ஈயச் செம்புகள்! வெயில் பட்டால் தெருவே பொன்னாக ஜொலிக்கும்.

“வாங்க அம்மா, வாங்க! என்ன வேணும்? காப்பிக்கு டவரா செட்டா? ரஸத்துக்கு ஈயச் செம்பா? தண்ணிக்குச் செம்புக் குடமா?” என்று கடைக்காரர் கேட்பார்.

நீங்கள் விலையைக் கேட்பீர்கள். எடையைக் கேட்பீர்கள். பெயர் வெட்டித் தருவீர்களா என்று கேட்பீர்கள். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று இருக்கிறது. ‘இந்தப் பாத்திரத்தில் ஊற்றுவதை நான் குடிக்கும்போது, பாத்திரத்தையும் கொஞ்சம் சேர்த்துக் குடிப்பேனா?’ என்பதே அது.

* * *

சிரிக்காதீர்கள். பாத்திரத்தைக் குடிப்பது நடக்கக்கூடிய காரியம்தான். வீட்டில் நீங்களே தினம் செய்யும் ஒரு வேலையை எண்ணிப் பாருங்கள்.

கறுத்துப்போன பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் துலக்குகிறீர்கள். இரண்டே நிமிஷத்தில் தங்கம் மாதிரி ஆகிவிடுகிறது. மேலே படிந்திருந்த கறுப்பும் பச்சைக் களிம்பும் எங்கே போயின? புளியின் புளிப்பில் கரைந்து, கழுவிய தண்ணீரோடு சாக்கடைக்குப் போயின. சரி, அந்தப் புளியையே கரைத்து ரஸமாக வைத்து, அதே சொம்பில் ஊற்றி வைத்தால்? அப்போதும் அதே வேலைதான் நடக்கும். வித்தியாசம் ஒன்றுதான். இந்தத் தடவை அது போகும் இடம் சாக்கடை அல்ல, நம் வயிறு!

செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். இரண்டிலும் பெரும் பங்கு செம்புதான். புளிப்பு, சூடு, நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் செம்பு கரைந்து இறங்கும். சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு உவமை சொல்லும்போது, செம்போடு கூடப் பிறந்த களிம்பு என்றார்கள். களிம்பு செம்பை விடாது என்பது நம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி.

செம்பு விஷம் என்று சொல்லிப் பயமுறுத்த வரவில்லை. நம் உடம்புக்கே நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிகிராம் செம்பு வேண்டும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் வரம்பு கட்டியிருக்கிறது. அதற்கு மேலே அதிகமாகப் போனால் வயிற்றைப் புரட்டும், வாந்தி வரும். களிம்பேறிய பாத்திரத்து மோரைக் குடித்துவிட்டு அவஸ்தைப்பட்டவர்களை உங்கள் பாட்டி அறிந்திருப்பார்.

அமெரிக்காவில் ஹோட்டல்களுக்கு என்று உணவு விதிகள் இருக்கின்றன. புளிப்பை அளக்க விஞ்ஞானிகள் வைத்திருக்கும் அளவுகோலில் 6-க்குக் கீழே இருக்கும் எந்தப் பண்டமும் வெறும் செம்பையோ பித்தளையையோ தொடக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. இந்த அளவுகோலில் எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். எலுமிச்சம்பழச் சாறு 2-ஐ ஒட்டி நிற்கும். மோர் 4-ஐத் தாண்டி நிற்கும். பால் 6½-க்குச் சற்று மேல். அந்த நாட்டில் எலுமிச்சை ஜாதிப் பழச்சாறு கலந்த ஒரு மதுபானத்தைச் செம்புக் குவளையில் கொடுப்பது நாகரிகமாக இருந்தது. 2017-ம் வருஷம் ஐயோவா ராஜ்யத்து அதிகாரிகள், உட்புறம் வேறு உலோகம் பூசாத குவளையில் அதைக் கொடுக்காதீர்கள் என்று ஹோட்டல்காரர்களுக்கு எச்சரிக்கை விடுத்தார்கள். நம் ஊர் பாட்டிகள் ‘பித்தளையிலே மோரை வைக்காதேடீ’ என்று சொன்னதும் இதேதான். பாட்டிக்கு அளவுகோல் தேவைப்படவில்லை!

* * *

“அப்படியானால் டிகிரி காப்பி?” என்று நீங்கள் பதறுவது காதில் விழுகிறது.

பதற வேண்டாம். சென்னையிலிருந்து திருச்சி போகும் சாலையெல்லாம் ‘கும்பகோணம் டிகிரி காப்பி’ என்று பலகை மாட்டி, பித்தளை டவராவில் ஆற்றிக் கொடுக்கிறார்களே, அந்தக் காப்பியைக் கணக்குப் பாருங்கள். கறுப்புக் காப்பியின் புளிப்பு 5-ஐ ஒட்டியது. கெட்டிப் பால் விட்டதும் 6-ஐ நெருங்கிவிடும். சூடு உண்டு. ஆனால் மூன்றாவது சத்துருவாகிய நேரம் இல்லை. டவராவுக்கும் டம்ளருக்குமாக நாலு தடவை ஆற்றி, ஐந்து நிமிஷத்தில் குடித்துவிடுகிறோம். அந்த அவகாசத்தில் இறங்கும் செம்பு சொற்பம். பாத்திரத்தின் உட்புறம் நன்றாக ஈயம் பூசியிருந்தால் அந்தச் சொற்பமும் இல்லை. ஆறிப்போன காப்பியை அதே பித்தளையில் மணிக்கணக்காக மூடி வைத்துவிட்டு, மத்தியானம் சுட வைத்துக் குடிப்பதுதான் கூடாது. அது ருசிக்கும் கேடு, உடம்புக்கும் கேடு.

செம்புக் குடத்துத் தண்ணீர்? அதற்கு விஞ்ஞானம் நல்ல வார்த்தையே சொல்லியிருக்கிறது. பெங்களூரில் நடந்து 2012-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பேதி நோய்க் கிருமிகள் கலந்த தண்ணீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். காலரா கிருமி உள்படக் கிருமிகள் மடிந்து போயின. தண்ணீரில் இறங்கிய செம்போ உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே நல்ல தண்ணீரைச் செம்பில் ஊற்றி வையுங்கள். எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரை மட்டும் வேண்டாம்.

* * *

இனிமேல் சொல்லப் போவதைத் தாய்மார்கள் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும்.

பழைய வாரப் பத்திரிகைகளைப் புரட்டிப் பார்த்தால், குழந்தைகளின் ஈரல் கட்டிக்கு மருந்து என்ற விளம்பரங்கள் அடிக்கடி கண்ணில் படும். அந்த நோய் அப்படிப் பரவியிருந்த காலம் அது. ஆறு மாதத்திலிருந்து மூன்று, நாலு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வயிறு உப்பும், ஈரல் கல் மாதிரி இறுகும், காமாலை வரும். வந்தால் பிழைப்பது அரிது. அடுத்தடுத்துக் குழந்தைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் உண்டு. தெய்வக் குற்றம் என்றார்கள், தோஷம் என்றார்கள். இந்தியாவிலேயே பெரும்பாலும் காணப்பட்டதால், டாக்டர்கள் அதற்கு ‘இந்தியக் குழந்தை ஈரல் நோய்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பூனாவில் டாக்டர் டானர் என்ற ஆங்கிலேய வைத்தியரும் நம் நாட்டு டாக்டர்களும் சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். நோய் கண்ட குழந்தைகளின் ஈரலில் செம்பு ஏராளமாகச் சேர்ந்திருந்தது. எங்கிருந்து வந்தது செம்பு? வீடு வீடாக விசாரித்தபோது துப்புக் கிடைத்தது. இந்தக் குழந்தைகளுக்குச் சீக்கிரமாகவே பசும்பாலோ எருமைப்பாலோ கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பாலைக் காய்ச்சியதும் வைத்ததும் பித்தளை, செம்புப் பாத்திரங்களில்! 1983-ம் வருஷம் ‘லான்ஸெட்’ வைத்தியப் பத்திரிகையில் இதை வெளியிட்டார்கள்.

பால் புளிப்பில்லையே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பாலில் உள்ள புரதச் சத்து செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமுடையது. தண்ணீர் எடுக்காத செம்பைப் பால் எடுத்துவிடும். பெரியவர்களின் ஈரல் அதிகப்படிச் செம்பை வெளியே தள்ளிவிடும். கைக்குழந்தைக்கு வேண்டிய செம்போ பெரியவர்களுக்கு வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்குதான். மிஞ்சியதைத் தள்ளும் சக்தியும் அதன் ஈரலுக்கு இன்னும் வளரவில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் நோய் வராததால், சில குடும்பங்களில் பிறவியிலேயே ஒரு பலவீனமும் சேர்ந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. ஐரோப்பாவில் ஆஸ்திரியா தேசத்து டிரோல் மலைப் பிரதேசத்தில் 1900-த்துக்கும் 1974-க்கும் இடையே 138 குழந்தைகள் இதே மாதிரி நோயால் பாதிக்கப்பட்டார்கள். அங்கேயும் பசும்பாலை ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் காய்ச்சும் வழக்கம் இருந்தது. பாத்திரத்தை மாற்றினார்கள்; நோய் மறைந்தது. நம் நாட்டிலும் வீடுகளில் எவர்சில்வர் குடியேறிய பிறகு அந்த நோய் அபூர்வமாகிவிட்டது. ஒரு பாத்திரம் மாறியதால் எத்தனை தொட்டில்கள் வெறுமையாகாமல் தப்பின, பாருங்கள்!

இன்று பழமை மறுபடியும் நாகரிகமாகியிருக்கிறது. பித்தளைக்கும் செம்புக்கும் மறுபடி மவுசு வந்திருக்கிறது. சந்தோஷம். ஆனால் கைக்குழந்தையின் பாலைக் காய்ச்ச மட்டும் அவை வேண்டவே வேண்டாம்.

* * *

நம் முன்னோர் இதற்கு வழி செய்யாமலா இருந்தார்கள்? செய்தார்கள். ‘பாத்திரத்துக்கு ஈயம் பூசறதூ!’ என்று தெருவில் ஒரு குரல் வருமே, அதுதான் அந்த வழி.

வேப்ப மரத்தடியில் குழி தோண்டிக் கரி போட்டு, துருத்தியை அமுக்கி நெருப்பு மூட்டுவார்கள். பாத்திரத்தைக் காய வைத்து, நவச்சாரப் பொடியைத் தூவுவார்கள். குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பும். நவச்சாரம் களிம்பைக் கரைத்துச் சுத்தமான உலோகத்தை வெளியே காட்டும். அந்தக் கணத்தில் ஈயக் கட்டியைத் தொட்டு இழுத்து, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். கறுத்த பித்தளை வெள்ளி மாதிரி மின்னும்! சுற்றி நிற்கும் குழந்தைகளுக்கு அதைவிடப் பெரிய ஜால வித்தை கிடையாது.

அந்தப் பூச்சு வெள்ளீயம். புளிப்புக்கு அது லேசில் மசியாது. கொஞ்சம் இறங்கினாலும் உடம்பு அதை அதிகம் உறிஞ்சுவதில்லை. டப்பாவில் அடைத்த பானங்களில் ஒரு கிலோவுக்கு 150 மில்லிகிராம் வரைக்கும் வெள்ளீயத்தை அனுமதிக்கிறது சர்வதேச உணவு விதி. பழ டப்பாவை ‘டின்’ என்கிறோமே, அந்தப் பெயரே உள்ளே பூசிய வெள்ளீயத்தால் வந்ததுதான். ஆனால் பூச்சு தேயும். தேய்ந்து உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் பாத்திரம் ‘பூசு, பூசு’ என்று கெஞ்சுகிறது என்று அர்த்தம்.

* * *

இங்கேதான் ஒரு பெரிய அபாயம் ஒளிந்திருக்கிறது. அதற்குக் காரணம் நம் பாஷையில் இருக்கும் ஒரே ஒரு வார்த்தை: ‘ஈயம்’.

பாத்திரத்துக்குப் பூசுவதும் ரஸச் செம்பு செய்வதும் ஈயம். அது வெள்ளீயம். பத்திரிகையில் ‘ஈயம் கலந்த பெட்ரோல்’ என்று படித்தீர்களே, 2000-ம் வருஷத்தில் நம் நாட்டில் நிறுத்தினார்களே, அதுவும் ஈயம்தான். ஆனால் அது காரீயம். போதாக்குறைக்கு, பல வீடுகளில் அலுமினியச் சட்டியையும் ‘ஈயச் சட்டி’ என்கிறார்கள். ஆக மூன்று உலோகங்களுக்கு ஒரே பெயர்!

இவற்றில் காரீயம் பொல்லாதது. நிறமும் காட்டாது, வாசனையும் காட்டாது. உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். செம்புக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று வரம்பு கட்டிய அதே ஸ்தாபனம் காரீயத்துக்குக் கட்டியது அதில் 200-ல் ஒரு பங்கு. அத்துடன், இவ்வளவு வரை அபாயமில்லை என்று சொல்லக்கூடிய அளவே காரீயத்துக்குக் கிடையாது என்றும் சொல்கிறது. பழைய ரோமாபுரியில் திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் காய்ச்சிப் பாகாக்கினார்கள். காரீயம் கரைந்தால் தித்திக்கும். அவர்களும் ருசித்துக் குடித்தார்கள்!

வெள்ளீயம் நம் நாட்டில் பஸ்தார் பக்கம் கொஞ்சம் கிடைக்கிறது. மற்றதெல்லாம் கடல் தாண்டி வர வேண்டும். விலை அதிகம். காரீயம் மலிவு. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. கலப்படத்துக்கு வேறென்ன வேண்டும்? பூசுகிற ஈயத்திலே காரீயம் கலந்துவிட்டால், காவல்காரனே திருடனான கதைதான்.

கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. காரீயம் ஒன்றரை மடங்கு கனம். வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் பென்சில் மாதிரி சாம்பல் நிறக் கோடு போடும். சுத்தமான வெள்ளீயக் கம்பியை வளைத்தால் ‘கிறீச்’ என்று முனகும். இவையெல்லாம் முழுக் காரீயத்தைக் காட்டிக் கொடுக்கும். பாலில் தண்ணீர் மாதிரிக் கொஞ்சம் கலந்தால் அகப்படாது. அதற்குப் பரிசோதனைச் சாலைதான் கதி. நகைக் கடையில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சித் தங்கத்தின் மாற்றுப் பார்க்கிறார்களே, அதே தத்துவத்தில் ஈயத்தின் யோக்கியதையையும் பார்த்துவிடலாம்.

ஈயச் செம்பு வாங்கும் மருமகள்களுக்கு இன்னொரு வார்த்தை. வெள்ளீயம் 232 டிகிரி சூட்டிலேயே உருகிவிடும். உள்ளே ரஸம் இருக்கும் வரை சூடு 100 டிகிரிக்கு அதிகம் மேலே போகாது, செம்பும் பத்திரம். வெறும் செம்பை அடுப்பில் வைத்துவிட்டு டெலிவிஷன் பார்க்கப் போனால், திரும்பி வரும்போது அடுப்பில் செம்பு இருக்காது. ஒரு வெள்ளிக் குட்டைதான் இருக்கும்!

* * *

கிளம்புமுன் அரசலாற்றைத் தாண்டி நாச்சியார்கோயிலுக்கும் ஒரு நடை போய்வர வேண்டும். கல் கருட சேவைக்குப் பேர்போன தலம். குத்துவிளக்குக்கும் அதே பேர். பட்டறைகளில் வண்டல் மண்ணில் அச்சுப் பிடித்து, உருக்கிய பித்தளையை வார்த்து, கடைந்து, மெருகேற்றுகிறார்கள். அன்னம் வைத்த விளக்கைப் பார்த்தால் விட்டு வர மனம் வராது. வாங்குங்கள், வீட்டில் ஏற்றுங்கள். ஆனால் ஒன்று: அலங்காரத்துக்கு என்று வார்க்கும் பித்தளை வேறு, குடிக்கும் பாத்திரத்துக்கு வேண்டிய பித்தளை வேறு. கடைசலில் சுலபமாகச் சீவ வருவதற்காகச் சில ரகப் பித்தளையில் காரீயம் சேர்ப்பது உலகமெங்கும் உள்ள வழக்கம். ஆகையால் அழகாக இருக்கிறதே என்று அலங்காரக் கிண்ணத்தில் பானகம் கரைக்காதீர்கள். 2025-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இறக்குமதியான சில அலுமினிய, ஹிண்டாலிய, பித்தளைப் பாத்திரங்களிலிருந்து காரீயம் கசிகிறது என்று எச்சரித்ததையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கடைக்காரரிடம் திரும்புவோம். அவரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள். ‘இது சமையலுக்கும் குடிப்பதற்கும் என்றே செய்ததா? உள்ளே பூசியது சுத்த வெள்ளீயமா? அதற்குப் பரிசோதனைச் சீட்டு உண்டா?’ நல்ல வியாபாரி முகம் சுளிக்க மாட்டார். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது பேருக்குக் கேட்காமலே சீட்டைக் காட்டுவார். சுத்த ஈயம் பூசும் தொழிலாளிக்கும் அதனால் பிழைப்பு நிலைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீருக்குச் செம்பு. காப்பிக்கு ஈயம் பூசிய பித்தளை டவரா. மோருக்கும் எலுமிச்சம்பழ ரஸத்துக்கும் கண்ணாடியோ எவர்சில்வரோ. குழந்தையின் பாலுக்கு எவர்சில்வர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘பாத்திரமறிந்து பிச்சையிடு’ என்பது பழமொழி. பிச்சைக்கே அப்படியென்றால், பெற்ற பிள்ளைக்குப் பால் ஊற்றும்போது பாத்திரமறிய வேண்டாமா?